எச்சரிக்கையும் இலக்கியமும்

ஒரு கதையைப் படிக்கக் கொடுப்பதற்கு முன்னால், "இதில் இன்ன கொடுமை வருகிறது, மனத்தில் காயம் உள்ளவர்கள் யோசித்துப் படியுங்கள்" என்று வாசகருக்குச் சொல்லவேண்டுமா, வேண்டாமா? சில ஆண்டுகளாக இலக்கியம் பேசுகிற இடங்களில் எல்லாம் இந்தக் கேள்வி எழுந்துகொண்டிருக்கிறது. புதுவையில் நாலு எழுத்தாளர்கள் மாலை வேளையில் கடற்கரைச் சாலையில் நடந்தால், காந்தி சிலையைத் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் இதைத் தொடங்கிவிடுகிறார். பழைய துறைமுகப் பாலம் வரைக்கும் சண்டை ஓய்வதில்லை.

'ட்ரிக்கர் வார்னிங்' என்று இதற்குப் பெயர். ட்ரிக்கர் என்றால் துப்பாக்கியின் விசை. பட்ட துன்பம் ஒன்று மனிதனுக்குள் குண்டு மாதிரிக் கிடக்கிறது. ஒரு சொல்லோ, ஒரு வாசனையோ, கதையில் வரும் ஒரு காட்சியோ விசையைத் தொட்டுவிட்டால் வெடித்துவிடுகிறது என்பது உவமை. அந்தத் துன்பத்தின் மிச்சத்துக்கு ஆங்கிலத்தில் ட்ராமா என்கிறார்கள். நம்மில் சிலர் மனக்காயம் என்கிறார்கள். மனவடு என்பது இன்னும் பொருத்தமான சொல் என்று எனக்குப் படுகிறது. காயம் ஆறும், வடு ஆறின பிறகும் இருக்கும். யாழ்ப்பாணத்தில் போருக்கு நடுவே மருத்துவம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1998-ல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பும் வடுப்பட்ட மனங்கள் என்றே பொருள்படும்.

இந்த விவாதம் அமெரிக்காவில் பெரிதாயிற்று. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, 1980-ல் அந்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் இந்த நிலையைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அது கல்லூரி வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது. ஓபர்லின் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தயாரித்த ஒரு குறிப்பில், மாணவர் மனத்தைப் புண்படுத்தக் கூடிய நூலுக்கு உதாரணமாகச் சினுவா அச்செபேயின் புகழ்பெற்ற நைஜீரிய நாவலைச் சொல்லியிருந்தார்கள். ஆசிரியர்கள் எதிர்த்தார்கள், 2014-ல் அந்தக் குறிப்பு ஒத்திவைக்கப்பட்டது. 2016-ல் சிகாகோ பல்கலைக்கழகம் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு, இம்மாதிரி எச்சரிக்கைகளை நாங்கள் ஆதரிப்பதில்லை என்று கடிதமே எழுதிவிட்டது. ஒரு பக்கம், "சொல்லாமல் படிக்க வைப்பது குரூரம்" என்றார்கள். மறுபக்கம், "எதைக் கண்டும் சுருங்கிப் போகிற தலைமுறையை வளர்க்கிறீர்கள்" என்றார்கள். நம் ஊர்ச் சண்டையும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவேதான் ஊசலாடுகிறது.

இரண்டு பக்கத்தாரும் இதை ஏதோ புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட விஷயம் மாதிரிப் பேசுவதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது. நம் வீடுகளில் இது வழிவழியாக இருந்து வந்திருக்கிறது.

கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுகிறோம். கருமாதிப் பத்திரிகையின் மூலையில் கறுப்பு மை தடவுகிறோம். உறையைப் பிரிக்கு முன்பே, எழுத்துத் தெரியாத கிழவிக்குக்கூட உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்துவிடும். அவள் உட்கார்ந்துகொள்வாள், பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வாள், படித்ததும் அதைக் கிழித்து வெளியே போடச் சொல்வாள். அந்தக் கறுப்பு மை துக்கத்தைக் குறைக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. உட்கார்ந்துகொள்ள ஒரு கணம் கிடைக்கும், அவ்வளவுதான்.

தந்தியும் அப்படியே. 2013-ல் தந்திச் சேவை நின்று போயிற்று. அதற்கு முந்தைய காலத்து மனிதர்களுக்கு நினைவிருக்கும். ஆள் போய்ச் சேர்ந்திருப்பார்; தந்தியில் மட்டும் 'ஸீரியஸ், உடனே புறப்படு' என்று வரும். வாங்குகிறவருக்கும் அதன் அர்த்தம் தெரியும். ரயிலில் வரும் ஆறேழு மணி நேரத்தில் மனம் மெல்ல மெல்ல அந்தச் செய்தியைத் தானே எட்டிப் பிடிக்கட்டும் என்று விட்டுவைத்த இடைவெளி அது.

நூலைப் பற்றிய விதியும் நம்மிடம் இருந்தது. கருட புராணத்தை ஒரு நல்ல நாளில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படிக்க மாட்டார்கள். சாவு நடந்த வீட்டில் படிப்பார்கள். நரகத்தின் சித்திரவதைகள் வரிசையாக வரும் நூலை, துக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கச் செய்தார்கள். இன்றைய எச்சரிக்கைக்காரர்கள் நேர்மாறாகச் செய்திருப்பார்கள். பயங்கரத்தைக் கேட்பதற்கு ஒரு காலமும், ஒரு இடமும், கூட இருக்க நாலு பேரும் வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு போற்றவேண்டியதில்லை. அதில் உள்ள யோசனை கவனிக்கத் தக்கது.

இந்த வழக்கங்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. முன்கூட்டிச் சொல்வது ஒரு மரியாதை. செய்தி கொண்டுவருகிறவன் செய்தி பெறுகிறவனுக்குக் காட்டும் மரியாதை. அதை மருந்து என்று எண்ணிக்கொண்டதில்தான் இன்றைய குழப்பம் தொடங்குகிறது.

மருந்தாக அது பலிக்கவில்லை என்பதற்கு இப்போது சான்றும் இருக்கிறது. 2020-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கடும் துன்பத்துக்கு ஆளான 451 பேருக்கு உலக இலக்கியத்திலிருந்து சில பகுதிகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாராருக்கு முன்னெச்சரிக்கை கொடுத்தார்கள். ஒரு சாராருக்குக் கொடுக்கவில்லை. எச்சரிக்கை பெற்றவர்களுக்கு வேதனை குறையவில்லை. அதற்கும் மேலே, தங்களுக்கு நேர்ந்த துன்பமே தங்கள் வாழ்க்கைக்கு மையம் என்கிற எண்ணம் அவர்களிடம் சற்று வலுப்பட்டதாகக் கண்டார்கள். 2023-ல் பன்னிரண்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: எச்சரிக்கையால் படிக்கும்போது ஏற்படும் வேதனை மாறுவதில்லை; படிப்பதற்கு முன் ஏற்படும் கலக்கம் மட்டும் கூடுகிறது; எச்சரிக்கையைப் பார்த்து விலகிப் போகிறவர்களும் அதிகமில்லை.

இதைப் படித்ததும் எதிர்ப்பக்கத்தார், "பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோம்" என்று துள்ளுவார்கள். துள்ளவேண்டியதில்லை. கறுப்பு மை துக்கத்தைக் குறைக்கிறதா என்று அளந்து பார்த்து, குறைக்கவில்லை என்பதால் அதை நிறுத்திவிடலாம் என்று எந்த வீட்டிலாவது தீர்மானம் செய்வார்களா? வணக்கம் சொல்வதால் காய்ச்சல் தணிவதில்லை. அதற்காக வணக்கத்தை யாரும் விட்டுவிடுவதில்லை. மரியாதையை மரியாதையின் தராசில் நிறுக்க வேண்டும்.

இனி இலக்கியத்துக்கு வருகிறேன். இந்த விவாதத்துக்குத் தமிழில் ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. ஏனோ அதை யாரும் எடுத்து உரைத்துப் பார்க்கவில்லை.

ஜெயகாந்தன் கடலூரில் பிறந்தவர். எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு மணி நேரப் பயணம். 1966-ல் ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' கதையைப் படிக்காத தமிழ் வாசகர் குறைவு. மழை பெய்யும் மாலையில் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் ஓர் ஏழைப் பெண். ஒரு பெரிய கார். ஏறிக்கொள்ளச் சொல்லும் ஓர் அந்நியன். அறியாத பெண் ஏறிவிடுகிறாள், கெடுக்கப்படுகிறாள், தெருமுனையில் இறக்கிவிடப்படுகிறாள். தாய் முதலில் அடிக்கிறாள், கதறுகிறாள். பிறகு சட்டென்று விழித்துக்கொண்டவள் போல் மகளை இழுத்துப் போய், தலையில் தண்ணீரைக் கொட்டி, உன்மேல் ஒரு கறையும் இல்லை என்று சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான் கதை.

எச்சரிக்கை எதுவும் இல்லாமல் இந்தக் கதை லட்சக்கணக்கான வீடுகளின் கூடத்தில் வந்து விழுந்தது. பெரிய கூச்சல் எழுந்தது. ஆனால் கூச்சல் போட்டவர்களில் பெரும்பாலோர், காயம்பட்ட பெண் இதைப் படித்தால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை. கெட்டுப்போன பெண்ணைத் தாய் எப்படி ஏற்றுக்கொள்ளலாம் என்று கேட்டார்கள். அவர்கள் காக்க விரும்பியது தங்கள் கண்ணியத்தை. எச்சரிக்கை கேட்பவர்களை எல்லாம் ஒரே கூட்டமாகப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். வலிக்கிறது என்று சொல்பவர் வேறு. எங்கள் மானம் போகிறது என்று சொல்பவர் வேறு. இரண்டாமவர் முதலாமவரின் குரலைக் கடன் வாங்கிக்கொள்வது எப்போதும் நடக்கும். ஒரு நூலைத் தடை செய்ய விரும்புகிறவர் இப்போதெல்லாம், அது மனத்தைப் புண்படுத்துகிறது என்றுதான் ஆரம்பிக்கிறார்.

அந்தச் சர்ச்சையிலிருந்து ஜெயகாந்தன் ஒரு நாவலை எடுத்தார். 1970-ல் நூலாக வந்து, 1972-ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதில் கங்காவுக்கு நேர்ந்ததும் அதே மழை, அதே கார். ஆனால் அவள் தாய் தண்ணீர் கொட்டவில்லை. ஊர் கேட்க அலறிவிட்டாள். அண்ணன் வீட்டை விட்டுத் துரத்திவிட்டான். வளர்க்க வந்த மாமா வேறு ஆசையோடு வளர்த்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கடந்து, நல்ல உத்தியோகத்தில் இருக்கிற அந்தப் பெண், ஒரு பத்திரிகையில் ஒரு கதையைப் படிக்கிறாள். கதையின் பெயர் 'அக்கினிப் பிரவேசம்'. தனக்கு நேர்ந்தது அச்சாகியிருக்கிறது; முடிவு மட்டும் வேறாக இருக்கிறது.

தன் கதை, அதைப் படிக்கக் கூடாத ஒருத்தியின் கையில் எச்சரிக்கை இல்லாமல் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஓர் எழுத்தாளன் தானே ஒரு நாவல் முழுக்க யோசித்துப் பார்த்திருக்கிறான். உலக இலக்கியத்தில் இப்படி எத்தனை பேர் செய்திருக்கிறார்கள்?

என்ன ஆகிறது? கங்கா நொறுங்கிவிடவில்லை. குணமாகியும் விடவில்லை. உறைந்து கிடந்த இடத்திலிருந்து எழுந்து நடக்கிறாள். ஒரு தாய் இப்படியும் செய்திருக்கலாம் என்று அந்தக் கதை அவளுக்குச் சொல்லிவிடுகிறது. செய்யாமல் விட்ட தன் தாயின்மேல் உள்ள கோபத்துக்கு அப்போது உருவம் கிடைக்கிறது. அந்தக் கதையும் மாமாவின் குத்தல் பேச்சும் சேர்ந்து, அந்தக் கார்க்காரனையே தேடிப் புறப்பட வைக்கின்றன. நடை நல்ல இடத்தில் முடிகிறதா என்றால் இல்லை. ஜெயகாந்தன் பொய் சொல்லவில்லை. இலக்கியம் ஆளைக் காப்பாற்றிவிடும் என்று வாக்குக் கொடுப்பவன் லேகியம் விற்கிறவன். இலக்கியம் ஆளை நாசமாக்கிவிடும் என்று பயப்படுகிறவனும் அந்த லேகியத்தின் சக்தியை நம்புகிறவன்தான்.

அந்தப் பத்திரிகையில் கதைக்கு மேலே ஒரு கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட்டிருந்தால் கங்கா படிக்காமல் விட்டிருப்பாளா? மாட்டாள். முதலில் அதைத்தான் படித்திருப்பாள். ஆய்வு சொல்வதும் இதுவே.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கங்கா அந்தக் கதையைத் தன் கையில் வைத்துப் படித்தாள். எந்த வரியிலும் அதை மூடி வைத்திருக்கலாம். இதை எனக்கு உறைக்கும்படி சொன்னது ஒரு மாணவி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் சிறுகதை பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் பேசுவதற்கு முன், அங்குள்ள பேராசிரியர் 'அக்கினிப் பிரவேச'த்தை உரக்கப் படித்தார், நன்றாகத்தான் படித்தார். கார்க் கதவு மூடும் கட்டத்தில் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். வரிசையில் இருந்த அத்தனை முழங்காலையும் தாண்டி, அத்தனை பேர் பார்வையையும் வாங்கிக்கொண்டு வெளியே போனாள். கூட்டம் முடிந்ததும் அவள் தோழி பேராசிரியரிடம், "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் ஐயா. அவ கதவுப் பக்கமா உட்கார்ந்திருப்பா" என்றாள். பேராசிரியருக்குக் கோபம் வந்துவிட்டது. "இலக்கியம் படிக்க வந்தவங்களுக்கு இதெல்லாம் ஆகுமா? நாளைக்குச் சிலம்பையும் படிக்காதேன்னு சொல்லுவீங்க" என்றார்.

எழுந்து போன பெண் வெளியே வராந்தாவில் நின்றிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்: "கதை எனக்குத் தெரியும் ஐயா. வீட்டிலே எத்தனையோ தரம் படிச்சிருக்கேன். ரொம்பப் பிடிச்ச கதை. இத்தனை பேருக்கு நடுவிலே, யாராவது என் முகத்தைப் பார்க்கறாங்களோன்னு நினைச்சுக்கிட்டே கேட்க முடியலே."

இந்த விவாதத்தைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் எதிலும் இவ்வளவு தெளிவு இல்லை. அவளுக்குக் கதை பகையாக இல்லை. கதையோடு தனியாக இருக்க அவளுக்கு முடிந்தது. முடியாமற்போனது கூட்டத்தின் நடுவே கட்டுண்டு உட்காருவது. அவள் தோழி கேட்டதும் பாடத்தை நிறுத்தும்படி இல்லை. கதவுப் பக்கம் ஓர் இடம். அது ரொம்பச் சின்ன வேண்டுகோள். அதற்குப் பதிலாகச் சிலப்பதிகாரத்தையே துணைக்கு இழுத்தது, கொசுவுக்குப் பீரங்கி.

ஆகையால் நான் கோடு போடுகிற இடம் இது: கையில் இருக்கும் புத்தகம் வேறு, எழுந்து போக முடியாத இடம் வேறு. வகுப்பறை, மேடையில் உரக்கப் படிக்கும் கூட்டம், இரவு முழுக்கப் படம் போட்டுக்கொண்டு போகும் வெளியூர் பஸ் — இங்கெல்லாம் கேட்பவன் கைதி. கைதிக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்வது நாகரிகம். "இந்தக் கதையில் ஒரு பெண் கெடுக்கப்படுகிறாள், வெளியே போகவேண்டுமென்றால் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை" என்று சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? சொன்ன பிறகு கதையை முழுதாகப் படிக்கட்டும். ஒரு வரி குறைக்க வேண்டாம்.

எங்கள் ஊர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்களே, அது இந்த விஷயத்தில் நல்ல பாடம். ஒன்றிலிருந்து பதினொன்று வரை அதற்கு எண்கள் உண்டு. எண்ணைக் கேட்டதும் மீனவருக்குச் செய்யவேண்டியது தெரியும்: படகை மேலே ஏற்றுவது, வலையைச் சுருட்டுவது, கடலில் இருப்பவர்களுக்குச் சொல்லி அனுப்புவது. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் வந்தபோதும், 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' வந்து ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தபோதும் கூண்டு புயலைத் தடுத்துவிடவில்லை. தடுக்கும் என்று யாரும் அதை ஏற்றவும் இல்லை. எச்சரிக்கைக்கு உரிய லட்சணம் இது. குறிப்பாகச் சொல்ல வேண்டும். கேட்டவன் செய்யக் கூடியது ஒன்று இருக்க வேண்டும். வருஷம் முழுவதும் எல்லாத் துறைமுகத்திலும் மூன்றாம் எண் கூண்டு தொங்கிக்கொண்டே இருந்தால் மீனவர் அண்ணாந்து பார்ப்பதையே நிறுத்திவிடுவார்.

சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் நமக்கு நேர்ந்திருப்பது அதுதான். பாத்திரம் சிகரெட்டைப் பற்றவைத்ததும் கீழே எழுத்து ஓடுகிறது, யாரும் படிப்பதில்லை. இணையத்தில் காட்டும் படங்களுக்கு வயதுப் பிரிவும் உள்ளடக்கக் குறிப்பும் வேண்டும் என்று 2021-ல் விதி வந்தது. அதைத் தள்ளிவிட்டுப் போக விரல் பழகிவிட்டது. 'இளகிய மனம் படைத்தவர்கள் பார்க்க வேண்டாம்' என்று செய்தியில் அறிவிக்கும்போது, அடுத்த அறையில் இருப்பவரும் ஓடி வந்து உட்கார்ந்துகொள்கிறார். எச்சரிக்கை விளம்பரமாகிவிட்டது. கடைசி முப்பது ஆண்டுகளை எங்கள் புதுவையில் கழித்து 2021-ல் மறைந்த கி. ராஜநாராயணனுக்கு இந்த ரகசியம் நன்றாகத் தெரியும். கிராமத்துப் பாலியல் கதைகளைத் தொகுத்து, 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று நூலுக்கே பெயர் வைத்துவிட்டார். தடுக்கிற வாக்கியத்தையே அழைக்கிற வாக்கியமாக்கிய அந்தக் குறும்பு ஒரு கிழவருக்குத்தான் வரும்.

பேராசிரியர் கோபத்தில் இழுத்த சிலப்பதிகாரத்தையும் சற்றுப் பார்ப்போம். அதன் பதிகம், கோவலன் கொலையுண்பதையும் கண்ணகி மதுரையை எரித்ததையும் முதலிலேயே சொல்லிவிடுகிறது. கதைக்குள்ளே கண்ணகி தீய கனவு கண்டு தேவந்தியிடம் சொல்கிறாள். கோவலனும் கனவு கண்டு மாடலனிடம் சொல்கிறான். இடைச்சேரியில் குடத்துப் பால் உறையவில்லை. மதுரைக்குப் போகும் வழியெல்லாம் இளங்கோ கூண்டு ஏற்றிக்கொண்டே போகிறார். தெரிந்த பிறகும் நாம் படிக்கிறோம். தெரிந்ததனாலேயே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் துகிலுரியும் கட்டம் வருவது அங்கே உட்கார்ந்திருக்கும் பாமரப் பெண் ஒவ்வொருத்திக்கும் தெரியும். தெரிந்து, விழித்திருந்து, கைகூப்பிக்கொண்டு பார்க்கிறாள்.

நல்ல கதை தன் எச்சரிக்கையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 'அக்கினிப் பிரவேச'த்தின் முதல் பக்கங்களைப் பாருங்கள். மழை வலுக்கிறது. கூட இருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள். இவள் தனியாக நிற்கிறாள். கார் வருவதற்கு முன்பே வாசகருக்கு வயிற்றைப் பிசைகிறது. படிக்கிறவரை உட்காரவைத்துவிட்டுத்தான் ஜெயகாந்தன் சொல்கிறார். கெட்ட எழுத்தாளன் இதைச் செய்வதில்லை. இருட்டில் ஒளிந்திருந்து முதுகில் அறைகிறான். வாசகன் திடுக்கிட்டதைத் தன் திறமை என்று எண்ணிக்கொள்கிறான். இந்த மாதிரிக் கதைக்கு மேலே எத்தனை பெரிய எழுத்தில் எச்சரிக்கை அச்சிட்டாலும் அது நேர்மையாகிவிடாது. ஒரு பெண்ணின் அவமானத்தை அங்குலம் அங்குலமாக ருசித்து எழுதிவிட்டு, தலைப்புக்குக் கீழே 'முன்னெச்சரிக்கை' என்று போட்டுக்கொள்வது, ஆளை வெட்டிவிட்டுக் கையைக் கழுவுவது போலத்தான்.

ஆகவே விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வி, எச்சரிக்கை இருக்கிறதா என்பது மட்டும் இல்லை. கொடுமை நடக்கும்போது எழுத்தாளன் யார் பக்கத்தில் நிற்கிறான் என்பதே பெரிய கேள்வி. ஜெயகாந்தன் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நிற்கிறார். குடத்துத் தண்ணீரோடு நிற்கிறார். அந்த மாணவி திரும்பத் திரும்ப அதைப் படித்ததன் காரணம் அதுவாக இருக்கலாம்.

கடைசியாக, வடுவோடு வாழ்வதைப் பற்றி. "அதையே நினைக்காதே, மறந்துவிடு" என்கிற உபதேசமும், "எல்லாவற்றையும் உடனே கொட்டிவிடு" என்கிற உபதேசமும் நம்மைச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. 2004 டிசம்பர் 26-ல் கடல் எழுந்து வந்தது; நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள்; எங்கள் காரைக்காலும் அடிபட்டது. ஆபத்து நடந்த கையோடு ஆளை உட்காரவைத்து, நடந்ததை ஒரே அமர்வில் சொல்லச் சொல்லிக் கேட்கும் முறை ஒன்று உண்டு; அதனால் நன்மை இல்லை, செய்யவேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்கிறது. சோறு, தண்ணீர், உறவினரைக் கண்டுபிடித்துக் கொடுப்பது, சொன்னால் கேட்பது, சொல்லாவிட்டால் தோண்டாமல் இருப்பது — இவைதாம் முதல் உதவி.

விலகி விலகிப் போவதாலும் பயம் கரைவதில்லை. மருத்துவர்கள் பயந்ததை எதிர்கொள்ளப் பழக்குகிறார்கள். அது வாஸ்தவம். ஆனால் அந்தப் பழக்கம் சிறிது சிறிதாக, நோயாளி சம்மதித்து, பக்கத்தில் ஒருவர் இருக்க நடப்பது. அதைக் காரணம் காட்டி, எதிர்பாராத வேளையில் ஒருவர் முகத்தில் பயங்கரத்தை வீசிவிட்டு, "இது உனக்கு நல்லது" என்று ஆசிரியரும் எழுத்தாளரும் சொல்லக் கூடாது. நீச்சல் கற்றுக்கொடுப்பவன் வேறு, கிணற்றில் தள்ளுகிறவன் வேறு.

ஒப்பாரியைப் பார்த்திருக்கிறவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. செத்தவனைப் பற்றி மட்டுமா பாடுகிறார்கள்? வட்டமாக உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருத்தியும் தன் பழைய துக்கத்தையும் அதில் சேர்த்துப் பாடிவிடுகிறாள். எவள் எதற்கு அழுகிறாள் என்று யாரும் விசாரிப்பதில்லை. வேண்டியவள் வட்டத்துக்குள் வருகிறாள். முடியாதவள் திண்ணையில் இருக்கிறாள். தயா சோமசுந்தரம் போன்றவர்கள், போர் கலைத்துப் போட்ட ஊர்களில் தனி மனிதனின் மனத்தை மட்டும் பார்த்தால் போதாது, குடும்பத்தையும் ஊரையும் சடங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எழுதுவது இந்த அறிவைத்தான்.

இலக்கியமும் அப்படி ஒரு வட்டம். அதன் வாசலில் காவல்காரனை நிறுத்தவேண்டியதில்லை. உள்ளே வந்தவரைக் கதவைத் தாழிட்டு உட்காரவைக்கவும் வேண்டியதில்லை. உரக்கப் படிக்கிறவர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லட்டும். எழுதுகிறவர் வரிக்கு வரி வாசகரைக் கைபிடித்து அழைத்துப் போகட்டும். படிக்கிறவருக்கு மூடிவைக்கிற உரிமை இருக்கட்டும். மூடிவைத்ததை இன்னொரு நாள் தனியாக எடுத்துப் பிரிக்கிற தைரியம் அந்த உரிமையிலிருந்துதான் வருகிறது.